இருநூற்றிருபதை ஆயிரத்தால் வகுத்தால்

நெசவு நகரமான மஹல்லாவில் வைகறைத் தொழுகை முடிந்து ஆட்கள் கலைவதற்குள், ஹாஜி ஷாக்கிரின் நிலவறைப் பட்டறையில் ஆறு இஸ்திரிப் பெட்டிகளும் கொதித்துக்கொண்டிருக்கும். மேல்மாடியில் தைத்து இறக்கும் சட்டைகளிலிருந்து எழும் ஆவி கூரையில் முட்டித் துளிகளாகிப் பெண்களின் பிடரியில் சொட்டும். தரை காய்ந்ததே இல்லை. புழுக்கம் தாளாமல் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு நிற்பார்கள். மணிக்கு அறுபது சட்டை. தோள்பட்டை மரத்துப்போகும்வரை தேய்க்க வேண்டும்.

மூன்றாம் மேசை இன்ஷிராஹுடையது. நான்காம் மேசையில் நபவிய்யா நின்றாள். கைம்பெண், வாய்த்துடுக்குக்காரி. அவளுடைய பெட்டி சில நாட்களாகவே கையில் சுள்ளென்று கடித்துக்கொண்டிருந்தது. "என் வீட்டுக்காரர் போனப்புறம் என்னைத் தொட்டுச் சிலிர்க்க வைக்கிறது இது ஒண்ணுதான்டி" என்று சொல்லிச் சிரிக்க வைப்பாள்.

இன்ஷிராஹுக்குச் சிரிப்பு வராது. தொழிற்பள்ளியில் மூன்று வருடம் மின்சாரம் படித்தவள் அவள். மின்சாரம் கசிந்தால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் டிரிப்பர் ஒன்று சுவரில் இருந்தது. அது அடிக்கடி விழுந்து வேலை நிற்கிறதென்று ஹாஜி அதைப் பிடுங்கச் சொல்லி, கம்பிகளை நேராக முறுக்கிவிட்டிருந்தார். வேண்டாமென்று இன்ஷிராஹ் மூன்று முறை போய்ச் சொன்னாள். மூன்று முறையும், ஆகட்டும் பார்க்கலாம் என்றார்.

திங்கட்கிழமை காலை நபவிய்யா ஒரு சட்டையை உதறி விரித்தாள். பெட்டியைப் பிடித்தாள். கத்தவில்லை. பிடித்த கை விடவேயில்லை. இன்ஷிராஹ் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வந்த மருத்துவர் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார். உடலைச் சுற்றும் கபன் துணியை ஹாஜியே வாங்கி வந்தார். அழுதார் கூட.

நபவிய்யாவின் மையித்தைக் குளிப்பாட்டிய பெண்களில் இன்ஷிராஹும் ஒருத்தி. வெதுவெதுப்பான நீரை ஊற்றி வலது உள்ளங்கையை விரித்தபோது, பருப்பளவில் ஒரு கருகல் தெரிந்தது. இடது உள்ளங்காலில் இன்னொன்று. வழி அவளுக்குப் புரிந்தது. கையால் நுழைந்து, நெஞ்சைக் கடந்து, காலால் இறங்கியிருக்கிறது. குளிப்பாட்டியவள் கண்டதை வெளியே சொல்லக்கூடாது. அது இறந்தவள் நம்பி ஒப்படைத்த அமானிதம். வாயைப் பொத்திக்கொண்டு வீடு திரும்பினாள். மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

நான்காம் நாள் எல்லோருக்கும் முன்பாக, மின்சாரம் அளக்கும் தம்பியின் மீட்டரோடு பட்டறைக்கு வந்தாள். நான்காம் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்து, அதன் உலோக உடம்புக்கும் ஈரத் தரைக்கும் நடுவே முனைகளை வைத்துப் பார்த்தாள். இருநூற்றிருபது வோல்ட். சட்டை மடிக்கும் அட்டையின் பின்புறம் கணக்குப் போட்டாள். ஈரக் கையும் வெறுங்காலுமாய் நிற்கும் உடம்பின் தடை ஏறக்குறைய ஆயிரம் ஓம். வகுத்தால் 0.22 ஆம்பியர். இதயத்தைக் குலைக்க அதில் பாதியே போதும். டிரிப்பர் இருந்திருந்தால் 0.03-லேயே விழுந்திருக்கும். வோல்டையும் ஆம்பியரையும் பெருக்கியும் பார்த்தாள். நாற்பத்தெட்டு வாட். படிக்கட்டில் தொங்கும் பல்புக்கே அறுபது வேண்டும். ஒரு பல்புக்குக்கூடப் பற்றாத மின்சாரத்தில் நபவிய்யா போய்விட்டாள். அட்டையை மடித்து உடைக்குள் செருகிக்கொண்டாள்.

பத்து மணிக்கு மேஸ்திரி ஒரு தாளோடு வந்தான். நபவிய்யாவுக்கு முன்பே நெஞ்சுவலி இருந்ததென்று எல்லோரும் கையெழுத்திட வேண்டுமாம். மதியம் வரை தவணை. மதிய இடைவேளையில் இன்ஷிராஹ் ரொட்டியைக்கூடப் பிரிக்காமல் நபவிய்யாவின் தாய் ஹமீதாவிடம் ஓடி, கண்டதைச் சொன்னாள். சொல்ல உரிமை உண்டா என்று கேட்டாள்.

கிழவி அவள் கையைப் பிடித்து அருகில் உட்கார வைத்தாள். பிறகு சொன்னாள்: "செத்தவளோட குறையைத்தான் மறைக்கணும் மகளே. இது என் பொண்ணோட குறையில்லையே. போய்ச் சொல்லு."

அவள் திரும்பியபோது ஹாஜியே நிலவறைக்கு இறங்கி வந்திருந்தார்.

"ஆண்டவன் விதிச்சது, யாரால தடுக்க முடியும்? கையெழுத்தப் போட்டுட்டு வேலையப் பாருங்கம்மா."

"போடறோம் ஹாஜி" என்றாள் இன்ஷிராஹ். "நீங்க செருப்பைக் கழட்டிட்டு இந்த நாலாம் பெட்டியை ஒரு தடவை பிடிங்க. அப்புறம் போடறோம்."

அவர் கை அசையவில்லை. ஆவி மட்டும் மேலே எழுந்துகொண்டிருந்தது.

"நீ இஸ்திரிக்காரியா, எலக்ட்ரீசியனா?"

"படிச்சது அது. நீங்க கொடுத்த வேலை இது. அவ உள்ளங்கையிலயும் உள்ளங்கால்லயும் கருகியிருந்தத என் கண்ணால பார்த்தேன். டிரிப்பர் இருந்திருந்தா அவ இன்னிக்கு உயிரோட நிப்பா."

"வெளியே போ. உன் இடத்துக்கு வாசல்ல நூறு பேர் நிக்கிறாங்க."

இன்ஷிராஹ் தன் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். இரண்டாம் மேசைக்காரி ஒரு கணம் தாளைப் பார்த்தாள். வீட்டில் காத்திருக்கும் மூன்று வாய்களை நினைத்திருப்பாள். அவளும் பிடுங்கினாள். பிறகு ஒன்று, இன்னொன்று. அடுத்து என்ன என்று எவருக்கும் தெரியவில்லை. அந்த அமைதியில் மேல்மாடித் தையல் இயந்திரங்களின் இரைச்சல் திடீரென்று மெலிந்தது, நின்றது. படிகளில் தையல்காரிகளின் காலடிகள் இறங்கி வந்தன.

ஹாஜி வாசலைப் பூட்டச் சொன்னபோது நாற்பது பெண்கள் ஏற்கெனவே தெருவில் இருந்தார்கள். அவர்கள் முறையிடப் போன தொழிலாளர் அலுவலகத்தில் அதிகாரி இல்லை. எப்போது வருவாரென்று சொல்ல ஆளில்லை. படிக்கட்டிலேயே உட்கார்ந்தார்கள். ஹமீதா கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு வந்து அவர்கள் நடுவில் அமர்ந்தாள். யாரோ அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். இன்ஷிராஹ் அப்போதுதான் முதல்முறையாக வாய்விட்டு அழுதாள்.

அழுது ஓய்ந்ததும், பெயர்கூடத் தெரியாத ஒரு தையல்காரி பக்கத்தில் நகர்ந்து வந்தாள்.

"அக்கா, அந்தக் கணக்க இன்னொரு தடவை சொல்லு. உள்ளே உன்னை மட்டும் தனியாக் கூப்பிட்டு மிரட்டுவாங்க. நாங்க நாற்பது பேரும் அதையே சொல்லத் தெரிஞ்சிருக்கணும்."

இன்ஷிராஹ் கண்ணைத் துடைத்துக்கொண்டு அட்டையை மடியில் விரித்தாள். தலைகள் அதன்மேல் நெருங்கிக் குனிந்தன.