குடிக்காத என்ஜின்

ஞாயிறு முதல் பூசை முடிந்து எரியோட்டுப் பக்கத்து ஓடுபாதைக்கு வந்து சேரும்வரை ராயப்பராஜ் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தார். கூட வந்த மனைவி சகாயசெல்விக்கு அந்தப் பாட்டு காதில் ஏறவில்லை. மனுஷர் இன்றைக்குத் தன் இரண்டு சீட்டு விமானத்தில் மலையைத் தாண்டிப் பறக்கப்போகிறார்.

தன் தோல் வியாபார மண்டியை மூடிய பிறகு இரண்டு வருஷம் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தவர். எதைக் கேட்டாலும் தலையாட்டல்தான். தொண்ணூற்றெட்டில் யாரோ விற்ற பழைய விமானத்தை வாங்கி, மில்காரர்கள் கைவிட்ட ஓடுபாதையில் நிறுத்தியதும்தான் பேச்சு திரும்பியது. திரும்பியதென்றால் அப்படி இப்படி அல்ல. மேலேயிருந்து பார்த்தால் தோட்டமெல்லாம் காயப்போட்ட சேலையாம், மேகத்தின் நிழல் ஊர் ஊராக நடந்துபோகுமாம். கேட்கக் கேட்க செல்விக்கும் கால் தரையில் பாவாது.

மதுரையிலிருந்து வந்த மெக்கானிக் ஒன்று சொல்லியிருந்தார். இந்த மாதிரி என்ஜின் பறக்கையில் கொஞ்சம் ஆயில் குடிக்கத்தான் செய்யும். குடி கூடினால் உள்ளே தேய்ந்துவிட்டதென்று அர்த்தம். அப்படி வந்தால் விற்றுவிடுவேன் என்று ராயப்பராஜும் சத்தியம் மாதிரி சொல்லிவைத்தார்.

செல்வி ஒட்டன்சத்திரத்து லாரிக்காரர் மகள். காய்கறி லோடு கிளம்புகிற வீட்டில், வண்டி எடுப்பவரிடம் அது குறைகிறது, இது இல்லை என்று வாய்திறக்கக் கூடாது. அவர் பார்க்குமுன் நிரப்பிவைத்துவிட வேண்டும். வளர்ந்த கை சும்மா இருக்குமா? ஒரு ஞாயிறு அவர் இறங்கி முகம் கழுவப் போனபோது அளவுக்கம்பியை உருவிப் பார்த்தாள். ஆயில் நன்றாக இறங்கியிருந்தது. கொட்டகையிலிருந்து ஒரு டப்பா எடுத்து ஊற்றி, காலி டப்பாவை வரிசைக்குப் பின்னால் செருகினாள். அடுத்த ஞாயிறும் ஊற்றினாள். பிறகு அதுவே வழக்கமாயிற்று. அவரோ கிளம்புமுன் கம்பியைப் பார்த்துப் பார்த்து, சொட்டுக்கூடக் குடிக்காத எளந்தாரி என்ஜின் என்று பூரித்துப்போனார்.

சமவெளியில் சுற்றும்வரை அவளுக்குப் பயமில்லை. ஏதாவதென்றால் காடு கழனியில் இறக்கிவிடலாம். மலைமேல் எங்கே இறக்குவது?

ராயப்பராஜ் ஏறி என்ஜினை முடுக்கினார். புல் படுத்துக்கொண்டது. செல்வி இறக்கைக்குப் பின்னால் சுற்றிப் போய்க் கதவைத் தட்டினாள். அவர் என்ஜினை நிறுத்தினார்.

"கெளம்புறவகள்ட்ட குறை சொல்லக் கூடாதும்பாக. சொல்றேங்க. அது குடிக்குது. நான்தான் உங்களுக்குத் தெரியாம ஊத்தி ஊத்தி வச்சேன்."

"எம்புட்டு?"

"வாராவாரம் ஒரு டப்பா. போன வாரம் ரெண்டு."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மலையைப் பார்த்தபடி வாயை மூடிக்கொண்டார். அந்த மௌனத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருஷம் அதோடு குடித்தனம் நடத்தியவள். உயிரைப் பிடித்துவைத்து ஆளைத் தொலைத்துவிட்டோமோ என்று கதவுப் பிடியை விடாமல் நின்றாள்.

அவர் எட்டிப் பக்கத்துச் சீட்டின் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறு செல்வி. தரையிலதான் போறோம்."

முதல் தடவையாக அவள் அந்தச் சீட்டில் உட்கார்ந்தாள். அவர் மறுபடி என்ஜினை முடுக்க, விமானம் மாட்டுவண்டி வேகத்தில் ஓடுபாதையில் உருண்டது. காலை வெயில் கண்ணாடியில் வழிந்தது. ஓரத்துக் கொல்லையில் மல்லிகை பறித்துக்கொண்டிருந்த பெண்கள், யாரோ வெகுதூரம் கிளம்புகிறார்கள் என்று நினைத்து, மடிப் பூவோடு நிமிர்ந்து கையாட்டினார்கள். செல்வியும் பதிலுக்குக் கையாட்டிக்கொண்டே இருந்தாள், அவர் முகத்தைத் திரும்பிப் பார்க்காமல்.