தோலில் தங்கிய தண்ணீர்

சண்முகவடிவு இறந்த ஐந்தாம் நாள் வானமாமலை வேலைக்குப் போனான். பிரசவத்தில் அவளும் பிள்ளையும் ஒரே நாளில் போய்விட்டார்கள். தாராவி வீட்டில் உட்கார்ந்திருப்பதற்கும் படகில் உட்கார்ந்திருப்பதற்கும் அவனுக்கு வித்தியாசம் தெரியவில்லை. படகில் யாரும் கையைப் பிடித்துக்கொண்டு அழமாட்டார்கள், அவ்வளவுதான்.

பம்பாயின் பாவுச்சா தக்கா படகுத்துறையிலிருந்து எதிர்க்கரையிலுள்ள ரேவஸுக்கு ஆள் ஏற்றிப்போகும் மோட்டார்ப் படகில் அவன் இன்ஜின் டிரைவர். 1945 அக்டோபர். மழைக்காலம் முடிந்தும் மூன்று நாளாக விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. முப்பது பேர் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

எண்ணெய்க் குழாயில் இருந்த சிறிய கண்ணாடிக் கிண்ணத்தைக் குனிந்து பார்த்தான். அடியில் விரல் தடிமனுக்குத் தண்ணீர், அதன்மேல் மண்ணெண்ணெய்.

“டாங்க்கு யாரு நெறப்புனா?”

அவன் வராத நாட்களில் படகை ஓட்டிய சலாவுதீன், “நான்தான் அண்ணாச்சி,” என்றான்.

“தோல் வச்சு வடிகட்டுனியா?”

“இல்ல. டிரம்மு மழையில கெடந்துச்சு. டிக்கெட்டுக்காரரு அவசரப்படுத்துனாரு.”

டிக்கெட் கொடுக்கும் பூலோகம் அதற்குள் வந்துவிட்டான். “என்ன வே, இன்னும் ஸ்டார்ட் பண்ணலியா?”

“எண்ணெயில தண்ணி. எல்லாரையும் எறக்கும்.”

“முன்னால போன படகுக்குத் தளவாயும் அதே டிரம்முலதான் ஊத்திட்டுப் போனாரு. அவரு வண்டி ஓடலியா? வீட்டுல இப்படி ஆயிட்டுதேன்னு பொறுத்துப் போறோம், அதுக்காவ...” பூலோகம் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

வானமாமலைக்குக் கோபம் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று மட்டும் தெரிந்தது. அவனே ஆட்களை இறக்கினான்.

டாங்க்கைக் காலிசெய்து துடைத்தார்கள். கிண்ணத்தைக் கழற்றிக் கழுவினார்கள். புனலில் மெல்லிய ஆட்டுத்தோலை விரித்து, பெட்ரோலில் நனைத்து, எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். எண்ணெய் கீழே இறங்கியது. தண்ணீர் தோலின்மேல் முத்துமுத்தாக உருண்டு நின்றது. அதைச் சாய்த்துக் கொட்டிவிட்டு மறுபடி ஊற்றினான். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பிறகு ஆட்களை மறுபடி ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள்.

பாதி வழியில் தளவாயின் படகைப் பார்த்தார்கள். இன்ஜின் நின்று, குறுக்குவாட்டில் திரும்பிக் கிடந்தது. கடல் வற்றும் நேரம். இழுப்பு அதை வெளிக்கடல் பக்கம் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. பெண்கள் முந்தானையை வீசிக் கூப்பிட்டார்கள்.

மூன்றாவது தடவை வீசிய கயிறுதான் பிடிபட்டது. மெதுவாக இழுத்துக்கொண்டு ரேவஸ் சேர்ந்தார்கள்.

தளவாய் ஓடிவந்து வானமாமலையைக் கட்டிக்கொண்டார். “நாப்பது உசுரு வே! நாப்பது உசுரு!” வானமாமலை கைகளைத் தொங்கவிட்டபடி நின்றான். அவர் விட்டதும் போய்த் தளவாய் படகின் கிண்ணத்தைக் கழற்றினான்.

வேலை முடிந்ததும் சலாவுதீன் பாவ் ரொட்டியும் டீயும் வாங்கிவந்தான்.

“காலையில சாப்ட்டீங்களா அண்ணாச்சி?”

வானமாமலை யோசித்தான். “ஞாவகம் இல்ல.”

இருவரும் படகு விளிம்பில் உட்கார்ந்து தின்றார்கள். சற்று நேரம் கழித்து, யாரும் கேட்காமலே வானமாமலை சொன்னான்:

“ஆம்பளப் பிள்ள.”

சலாவுதீன் மெல்லுவதை நிறுத்தினான்.

“மூக்கு அவளுக்கு உள்ளது மாரியே இருந்துச்சு,” என்று சொல்லிவிட்டு, வானமாமலை மிச்ச ரொட்டியை டீயில் முக்கித் தின்றான்.