ஒரே கோடு

காலையில் முகம் மழிக்கும்போது சார்ஜன்டுக்குத் தாடையில் மூன்று இடத்தில் வெட்டு விழுந்தது. கை நடுங்கியதுதான் காரணம். அவரோ மட்டமான பிளேடு விற்றான் என்று கடைக்காரனைத் திட்டினார். ராணுவ முகாமில் அவருக்குக் 'கல்லு' என்று பட்டப்பெயர்; கல்லுக்குக் கை நடுங்கலாமா?

அன்று ஆண்டு மருத்துவப் பரிசோதனை. படிவத்தில் பத்துக் கேள்விகள்: தூக்கம் கெடுகிறதா, கெட்ட கனவு வருகிறதா, காரணமில்லாமல் கோபம் வருகிறதா... எதிரே 'ஆம்', 'இல்லை' என்று கட்டங்கள். தன் பிரிவிலுள்ள ஒன்பது பேருக்கும் சார்ஜன்டே நிரப்பிவிடுவார். 'இல்லை' வரிசையில் மேலிருந்து கீழே ஒரே கோடு, அவ்வளவுதான். ஏழு வருடமாக அந்தப் பிரிவில் ஒருவருக்கும் கெட்ட கனவு வந்ததில்லை, காகிதத்தில்.

லாரி ஓட்டுநர் மட்டும் கையெழுத்துப் போடாமல் நின்றான்.

"அண்ணே, தூக்கம் கேள்விக்கு மட்டும் 'ஆம்'னு போட்டுக்கலாமா?"

"ஏன், துரைக்கு மெத்தை சரியில்லையா?"

"பாலத்துல குண்டு வெடிச்சதுலேருந்து தூக்கமே இல்லண்ணே. நேத்து மலை வளைவுல எங்க இருக்கேன்னே ஒரு நிமிஷம் தெரியல. பின்னாடி எட்டுப் பேர் உக்காந்திருந்தாங்க."

"வண்டியைப் பிடுங்கிடுவாங்க. பைத்தியம்னு பேர் வரும். பேசாம கையெழுத்தைப் போடு."

போட்டான். மதியம் அதே எட்டுப் பேரோடு அதே பாதையில் போக வேண்டியவன் அவன்.

பிறகு சார்ஜன்டின் முறை வந்தது. டாக்டரம்மா அவரது படிவத்தைப் பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், வாயைத் திறக்கச் சொன்னார்.

"நாலு மாசமா வயித்தெரிச்சலுக்கு மாத்திரை வாங்குறீங்க. பிரஷர் ஏறிக் கிடக்கு. பல்லு பாதி தேஞ்சு போச்சு. தூக்கத்துல யாரைக் கடிக்கிறீங்க?"

சார்ஜன்ட் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

"எல்லாத்துக்கும் 'இல்லை'ன்னு கோடு போட்டிருக்கீங்க. உங்க உடம்பு 'ஆமா'ங்குதே?"

போன விடுமுறையில் அவருடைய எட்டு வயது மகள் விளையாட்டாகப் பின்னாலிருந்து வந்து கண்ணைப் பொத்தினாள். அடுத்த கணம் சுவரோரம் கை முறிந்து கிடந்தாள். படியில் விழுந்தாள் என்று எல்லாரிடமும் சொன்னார். அவளையும் அப்படியே சொல்ல வைத்தார். பெற்ற பிள்ளைக்கும் அதே கோட்டைத்தான் போட்டிருந்தார் அந்த மனிதர்.

"என் பொண்ணு கையை நான்தான் உடைச்சேன் டாக்டர்," என்றவர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"இதுக்கு வைத்தியம் இருக்கு. முதல்ல வாயைத் திறந்து சொல்லணும், அவ்வளவுதான்," என்றார் டாக்டர்.

வெளியே லாரி உறுமியது. சார்ஜன்ட் மேசையிலிருந்து வெற்றுப் படிவம் ஒன்றை உருவிக்கொண்டு, மடித்துவிட்ட சட்டைக் கையோடு ஓடிப்போய் வண்டியை மறித்து நின்றார்.

"இறங்குடா."

"நான் என்னண்ணே தப்பு பண்ணேன்?"

"தப்பு பண்ணது நான். இந்தா, புதுப் படிவம். உன் பதிலை நீயே எழுது. என்னோடதையும் மாத்தி எழுதப் போறேன்."

ஓட்டுநர் படிவத்தை இரு கையாலும் வாங்கிக்கொண்டான். லாரியின் பின்பக்கத்திலிருந்து இன்னும் மூன்று பேர் தயங்கித் தயங்கி இறங்கினார்கள். அவர்களில் ஒருவன் மெல்லக் கேட்டான்:

"பைத்தியம்னு பேர் வருமே, சார்ஜன்ட்?"

"கால்ல குண்டு பட்டவனைத் தோள்ல தூக்கிட்டு ஓடுறோம். மனசுல பட்டவனை மட்டும் வாயை மூடுங்கிறோம். ரெண்டும் காயம்தான்டா. வலிக்குதுன்னு சொல்றவன் கோழை இல்ல. அவனைச் சொல்லவிடாம இத்தனை வருஷம் கோடு போட்டேனே, நான்தான் கோழை."