இதயம் நின்றதற்கான காரணம்

2024 நவம்பர் 18, திங்கட்கிழமை. விடிந்தது முதல் சாரல் ஓயவில்லை. இராஜாக்கமங்கலத்து வயல்களில் நீர் வரப்பை மூடி நின்றது.

கிராம சுகாதாரச் செவிலியர் சுபிதா, செல்லத்தாயின் எதிரே படிவத்தை விரித்தார். செல்லத்தாயின் கணவர் சிவதாணு இறந்து இருபது நாள்கள் ஆகியிருந்தன. ஊரில் நிகழும் மரணங்களை வீடு தேடிச் சென்று விசாரிப்பது செவிலியரின் கடமை.

“எக்கா, அண்ணனுக்குக் காச்சல் வல்லதும் இருந்துதா?”

“ஒண்ணும் இல்ல பிள்ளே. நெஞ்சுவலி. டாக்டர் சீட்டுல எழுதிருக்காருல்லா?”

“இதயம் நின்னுதுன்னு எழுதிருக்காரு. அது நிக்காம யாருக்கா செத்தா? எதுக்கு நின்னுதுன்னுதான் கேக்கேன்.”

செல்லத்தாய் படிவத்திலிருந்து கண்ணை விலக்கினாள். அவள் சொன்னதைக் கேட்டே மருத்துவர் அந்தச் சீட்டை எழுதியிருந்தார்.

உள்ளறையில் முனகல் கேட்டது. அண்ணனின் சாவுக்கு வளைகுடாவிலிருந்து வந்து, அவர் விட்ட வயல்வேலையை ஏற்றிருந்த கொழுந்தன் ஸ்ரீஜித், நான்கு நாள்களாகக் காய்ச்சலில் கிடந்தான். சுபிதா உள்ளே சென்று அவனது இமையை விலக்கினார், கண் மஞ்சளித்திருந்தது. கெண்டைக்காலை அழுத்தியதும் அவன் துடித்தான்.

“இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போணும்.”

“சாதாக் காச்சல் சிஸ்டர். நாளைக்கு மாறிரும்,” என்று அவன் மறுத்தான்.

செல்லத்தாய் கதவைப் பற்றிக்கொண்டாள். “போ மக்கா. உங்க அண்ணனுக்கும் இப்பிடித்தான் கண்ணு மஞ்சளிச்சு, காலு கடுத்துது.”

“எதுக்கு மைனி எங்கிட்ட சொல்லல்ல?” என்று ஸ்ரீஜித் கேட்டான்.

“மஞ்சக்காமாலைன்னா குடிச்சுச் செத்தாருன்னு பேசுவாவ. நம்ம மவ நந்தனாவுக்கு மாப்பிள்ள பேசிட்டு இருக்குல்லா.”

“அண்ணன் சோடா குடிச்சாலே ஏப்பம் விட்டு ஊரைக் கூட்டும். அண்ணனையா குடிகாரன்னு சொல்லுவாவ?”

சுபிதா படிவத்தில் சிவதாணுவின் மரணக் காரணத்தை அடித்துத் திருத்தினார். அது எலிச் சிறுநீர் கலந்த நீரால் பரவும் காய்ச்சல் என்றும், முதல் மரணத்தன்றே தெரிந்திருந்தால் அந்த வயலில் இறங்கும் அனைவருக்கும் மாத்திரை கொடுத்திருக்கலாம் என்றும் கூறினார். அக்குரலில் கடுமை இல்லை. அதுவே செல்லத்தாய்க்குத் தாங்கவில்லை.

மருத்துவமனையில் செய்த இரத்தப் பரிசோதனை அதனை உறுதிசெய்தது. ஆயினும் அதற்குள் ஸ்ரீஜித்தின் சிறுநீரகங்கள் செயலிழந்திருந்தன. மூன்றாம் நாள், மருத்துவமனை வராந்தாவில் நின்ற செல்லத்தாயை மாப்பிள்ளையின் தாய் தொலைபேசியில் அழைத்து, என்ன நோய் என்று வினவினாள்.

“எலிக்காச்சல்,” என்றாள் செல்லத்தாய். “எங்க வீட்டுக்காரருக்கும் அதுதான். நெஞ்சுவலின்னு நான் சொன்னது பொய்.”

அவள் விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை.

அன்று ஸ்ரீஜித்தின் பெயரில் வழங்கப்பட்ட சான்றில் காரணம் பிழையின்றி எழுதப்பட்டிருந்தது. அதன் கீழே மரண நேரம்: பிற்பகல் 3.42.