சாய்திப்புக்கு ஒரு தட்டு நண்டு

ஆற்றங்கரை ஓட்டலின் வாசலில் கம்பூனும் அவன் மனைவி லம்துவானும் கதவு திறக்கக் காத்து நின்றார்கள். கரும்பு வெட்டிக் காய்த்துப்போன கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று இருவருக்கும் தெரியவில்லை. புதுச் செருப்பு கடிக்க, கம்பூன் கால் மாற்றி மாற்றி நின்றான்.

"நேத்து ஒரு ஓட்டல்ல காசைக் கொட்டினோம். இன்னிக்கு இங்கயும். அந்தக் காசுக்கு ஊர்ல கூரைத் தகடாவது மாத்தலாம்ல?"

"அந்தத் தகட்டுக்குக் கீழ எனக்குத் தூக்கம் வருமாய்யா?"

கம்பூன் சட்டைப் பையிலிருந்த உறையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். மகள் சாய்திப் செத்ததற்கு இந்த ஓட்டல்காரர்கள் உறையில் போட்டுக் கொடுத்த காசு அது. உள்ளே சமையற்கட்டில் நண்டு உரிப்பதுதான் அவள் வேலை. ஓட்டின் முள் விரலில் குத்தி, கை வீங்கி, காய்ச்சலோடும் வந்து உரித்தாள். லீவு போட்டால் அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்துவிடுவாள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது விஷம் உடம்பெல்லாம் ஏறிவிட்டது. கல்யாணம்கூட ஆகாத பெண். என்ன சொல்லி மனதை ஆற்றுவது?

"நாள் முழுக்க நண்டுதாம்மா," என்று போனில் சிரிப்பாள். "நாக்குல ஒரு துணுக்கு பட்டதில்ல. ஒருநாள் முன்வாசல் வழியா வந்து, உக்காந்து தின்னப்போறேன் பாரு."

கதவு திறந்தது. பரிமாறுகிறவன் பிரசோங் ஜன்னலோர மேசைக்கு அழைத்துப்போனான்.

"மூணு தட்டு வைப்பா."

"இன்னொருத்தர் எப்ப வருவாங்கம்மா?"

"வந்துருவா."

நண்டு வந்தது. ஓடும் இல்லை, முள்ளும் இல்லை, வெறும் வெள்ளைச் சதை. லம்துவான் முதல் கரண்டியை மூன்றாவது தட்டில் வைத்தாள். செத்தவர்களைச் சாப்பிடக் கூப்பிட சவப்பெட்டியைத் தட்டுவது அவர்கள் வழக்கம். பெட்டி அவளோடு எப்போதோ எரிந்துபோயிற்று. அவள் மேசையைத் தட்டினாள்.

"சாய்திப்பு, வாடி. சாப்பிட வா."

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிரசோங் ஓடிவந்தான்.

"இங்க மேசையத் தட்டக்கூடாதும்மா. கைய லேசாத் தூக்குங்க, நானே வந்துருவேன்."

"உன்னைக் கூப்பிடல தம்பி," என்றான் கம்பூன். "மகளைக் கூப்பிடுறா."

பிரசோங் காலி நாற்காலியைப் பார்த்தான். அவனும் அவர்கள் ஊர்ப் பக்கத்துக்காரன்தான்; தட்டுவது எதற்கென்று அவனுக்குத் தெரியும்.

"சாய்திப்போட அம்மாவா? ஐயோ... எப்பப் பார்த்தாலும் சிரிச்சுக்கிட்டே இருக்குமே அந்தப் புள்ள." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "தட்டுங்கம்மா. மெதுவாத் தட்டுங்க."

தட்டினாள். பிறகு இருவரும் சாப்பிட்டார்கள். கம்பூன் ஒரு வாய் வைத்துவிட்டு, "நல்லாத்தான்டி இருக்கு," என்றான். துடைக்கக் கொடுத்திருந்த துணியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதான்.

படைத்ததை யாராவது சாப்பிட்டால்தான் அது போனவளைச் சேரும். லம்துவான் மூன்றாவது தட்டைப் பிரசோங்கிடம் நீட்டினாள்.

"உள்ள அவகூட உக்காந்து உரிச்ச புள்ளைங்களுக்குக் குடு தம்பி. அவங்க தின்னா எம்மக தின்ன மாதிரி."

அவன் தயங்கினான். மேலாளர் சமையற்கட்டு வாசலில் நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிம்மா," என்று வாங்கிக்கொண்டு போனான்.

மேலாளர் கதவைப் பிடித்துக்கொண்டு அவனுக்கு வழிவிட்டார். இடைவெளியில் லம்துவானுக்கு உள்ளே நன்றாகத் தெரிந்தது. தாழ்ந்த முக்காலிகளில் நாலைந்து பெண்கள், முன்னால் நண்டுக் குவியல். பிரசோங் அவர்களைத் தாண்டிப் போய், குப்பைத் தொட்டியில் தட்டைக் கவிழ்த்தான். மேலாளர் ஏதோ சொன்னார். அவன் பாத்திரம் கழுவும் சோப்புப் புட்டியை எடுத்து, யாரும் எடுத்துத் தின்றுவிடாதபடி, நண்டின்மேல் பச்சையாக ஊற்றினான்.