வரவேற்பு மேளம்

சேப்பாக்கத்துக்கு கிரிக்கெட் பார்க்க வரும் வெளியூர் ரசிகர்களுக்கு வாடகைக்கு விடுவதற்கென்றே கல்பனா எண்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த தன் உத்திரமேரூர் வீட்டை ஒழித்துவிட்டு, மாட்டுக்கொட்டகைக்குக் குடிபோனாள். நான்கு மாதமாக ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. வேறு வழி தெரியாமல், 'மேளதாளத்தோடு வரவேற்பு' என்று விளம்பரத்தில் ஒரு வரி சேர்த்தாள். மும்பையிலிருந்து எட்டுப் பேர் பதிவு செய்தார்கள்.

அவர்களுடைய வேன் வந்து நின்ற நேரம் பார்த்தா எதிர்வீட்டுத் தாண்டவராயனின் பூப்பல்லக்கு சுடுகாட்டுக்குக் கிளம்ப வேண்டும்! பறை அதிர்ந்தது. நீலச் சட்டைக்காரர்கள் எட்டுப் பேரும் குதித்திறங்கி அதன் முன்னால் ஆடத் தொடங்கினார்கள்.

கல்பனா பதறி ஓடி, செத்தவரின் மனைவி முனியம்மாளின் காலைப் பிடித்தாள். "மன்னிச்சிடு யக்கா, சாவுன்னு அதுங்களுக்குத் தெரியாது."

"ஆடட்டும் வுடு," என்றாள் முனியம்மாள். "எம் புள்ளைங்க மூணும் வெளிநாட்ல கீதுங்க. இவருக்கு ஆட ஒருத்தனும் வர்ல. யாருக்கு ஆடுறாங்கன்னு மட்டும் அவங்களாண்ட சொல்லிடு."

அதற்குள் ஒருவன் வியர்வை வழிய வந்து, பல்லக்கில் இருப்பது யாரென்று ஆங்கிலத்தில் கேட்டான். சாவு என்று சொன்னால் வேன் அப்படியே திரும்பிவிடும்.

"ஊர்ச் சாமி சார்," என்றாள் கல்பனா.

எட்டுப் பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு இன்னும் வேகமாக ஆடினார்கள். கல்பனாவால் முனியம்மாள் பக்கம் திரும்பவே முடியவில்லை.