கோட்டுப் பிடிக்கும் கௌரவம்

மலைவீட்டார் என்றால் ஒரு காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கே எழுந்து நிற்கும். இப்போது தலைநகரில் அவருக்குக் கோட்டுக்காரர் என்று பெயர். தினமும் காலையில் நாட்டின் தலைவர் கோட்டு மாட்டும்போது பின்னால் நின்று பிடிக்க வேண்டும். அதற்குப் பதக்கம் வேறு.

தலைவர் கெட்டிக்காரர். பழைய குடும்பத்துப் பெரிய மனிதர்களை அவர் சிறையில் தள்ளவில்லை. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதுபோல் ஆளுக்கொரு கௌரவம் கொடுத்துப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். ஒருவருக்குக் குடை, இன்னொருவருக்குக் கைத்தடி. குடை உசத்தியா கோட்டு உசத்தியா என்று அவர்களும் அடித்துக்கொண்டார்கள், வெட்கக்கேடு. சொந்த ஊருக்குப் போக மட்டும் யாருக்கும் அனுமதி கிடையாது.

கோட்டுக்காரருக்கு எந்நேரமும் மகள் நினைப்புதான். தாயில்லாப் பிள்ளை. அத்தையிடம் விட்டு வந்த அன்று அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இப்போது அத்தையும் இல்லை; ஊரில் அந்த மலைவீட்டையும் நிலத்தையும் அவள்தான் கட்டி ஆள்கிறாளாம். மரப்படியில் அவள் தடதடவென்று இறங்கும் சத்தத்தை ஒருமுறை கேட்டால் போதும் என்று அவர் மனசு கிடந்து தவித்தது.

வேலையிலிருந்து விரட்டினால் ஊருக்குப் போகலாமே என்று கணக்குப் போட்டார். தலைவருடைய இடது தோளில் பழைய காயம். அந்தக் கைதான் முதலில் நுழைய வேண்டும். ஒருநாள் துணிந்து வலது கையை முதலில் மாட்டிவிட்டார். அப்புறம் இடது கை உள்ளே போகாமல் சிக்கி, தையல் பிரிந்தது. குடைக்காரர் முகத்தில் பரம சந்தோஷம்.

தலைவர் கோபப்படவில்லை. “மனசு இங்க இல்ல போலிருக்கே. யாரைத் தேடுது?”

“ஒரே மக, ஐயா. பார்த்து வருஷக்கணக்காச்சு. ஒரு தடவை போயிட்டு வந்தா…”

“இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?” என்று தலைவர் அவர் தோளில் தட்டினார்.

கோட்டுக்காரர் அன்றே பெட்டி கட்டிவிட்டார். சில நாள் கழித்து வாசலில் வண்டி நின்றதும் பெட்டியோடு ஓடினார். வண்டியிலிருந்து மகள் இறங்கினாள். அவர் தோள் உயரம் வளர்ந்திருந்தாள்.

“தலைவரோட மனைவிக்கு நான்தான் சால்வை பிடிக்கணுமாம்பா. பெரிய கௌரவமாம்.”

அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். அவள் தலைமுடியில் அந்த வீட்டு விறகுப் புகை வாசனை இன்னும் இருந்தது.

“வீட்டை என்னம்மா பண்ணின?”

“பூட்டினேன். கூட்டிட்டு வந்த அதிகாரி சாவியை வாங்கிக்கிட்டார். நாம எப்பப்பா திரும்பிப் போவோம்?”

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு நடந்தார். அவள் அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் காலையில் இடது கையைத்தான் முதலில் மாட்டினார். கோட்டில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.